காற்றின் கணக்கு: தெருவில் ஓடும் பைக் 250 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்ற உப்பு வெளி இருக்கிறது. பழங்காலப் பேரேரி ஒன்று வற்றிப்போய் மிஞ்சிய நிலம் அது. 2018இல் அங்கே நடந்த வேகப் போட்டியில், கெய்லா ரிவாஸ் என்ற 18 வயதுப் பெண் மணிக்கு 157.053 மைல் வேகத்தில் ஓட்டித் தன் பிரிவில் சாதனை படைத்தார். நம் கணக்கில் 252.75 கிலோமீட்டர். அவர் ஓட்டிய வண்டி ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் உருவாகும் வண்டி. இந்தியாவில் அது விற்பனைக்கு வந்ததே அந்த ஆண்டு நவம்பரில்தான். நம் கடலூரிலும் சிதம்பரத்திலும் முதல் வண்டி ஓடுவதற்கு முன்பே அதன் இன்ஜின் உப்பு வெளியில் பேர் வாங்கிவிட்டது.

கடையில் வாங்கும் ஜிடி 650க்கு 648 சி.சி. இன்ஜின். இரண்டு சிலிண்டர். திறன் 47 குதிரைத்திறன். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினால் மணிக்கு 165 முதல் 170 கிலோமீட்டர் வரை போகும். அதற்கும் 252க்கும் இடையில் 80 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த 80 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

“இன்ஜினைப் பெரிசு பண்ணியிருப்பாங்க” என்பதுதான் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை. மற்ற பாதி காற்றில் இருக்கிறது. எவ்வளவு திறனைக் கூட்டுகிறோம் என்பதைவிட, காற்றுக்கு எவ்வளவு திறனைக் கொடுத்துவிடாமல் காப்பாற்றுகிறோம் என்பதே அதிவேகத்தின் முதல் பாடம்.

காற்று கேட்கும் விலை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அந்தச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் பைக், காற்றை விலக்குவதற்காகச் செலவிடும் திறன் ஏறக்குறைய ஒரே ஒரு குதிரைத்திறன். வேகத்தை 100 ஆக்கினால் அந்தச் செலவு இரண்டு குதிரைத்திறன் ஆவதில்லை, எட்டரை ஆகிறது. 200 ஆக்கினால் 68. 250ஐத் தொட வேண்டுமானால் 130க்கும் மேல்.

வேகம் இரட்டிப்பானால் திறன் எட்டு மடங்கு தேவைப்படும் என்பதுதான் விதி. காரணம் எளிது. வேகம் கூடக்கூட, ஒரு நொடியில் வண்டி விலக்கவேண்டிய காற்றின் அளவு கூடுகிறது. அப்படி விலக்கப்படும் காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பதும் கூடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. அந்த விசையை எதிர்த்து நொடிக்குக் கடக்கும் தூரமும் வேகத்தோடு கூடுவதால், திறன் மும்மடியாக உயர்கிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, திறனை 33 சதவீதம் கூட்ட வேண்டும்.

இந்த விதியை ஜிடி 650க்குப் பொருத்திப் பார்ப்போம். வண்டியின் உருவத்தைத் தொடாமல், இன்ஜினை மட்டும் மாற்றி 168 கிலோமீட்டரிலிருந்து 252க்குப் போக வேண்டுமென்றால், 47 குதிரைத்திறன் 160 ஆக உயர வேண்டும். காற்றால் குளிரும் 650 சி.சி. இன்ஜினிலிருந்து 160 குதிரைத்திறனைப் பிழிந்தெடுக்க முயன்றால், சாதனைக் கோட்டுக்கு முன்பே பிஸ்டன் உருகிவிடும். ஆகவே வேறு வழி தேட வேண்டும்.

காற்றின் எதிர்விசையைத் தீர்மானிப்பவை நான்கு: காற்றின் அடர்த்தி, வேகம், எதிரே தெரியும் பரப்பு, உருவம் எவ்வளவு வழுவழுப்பாகக் காற்றைப் பிரிக்கிறது என்பது. வேகம்தான் இலக்கு, அதைக் குறைக்க முடியாது. மீதமுள்ள மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

படுத்துக்கொண்டு ஓட்டியவர்

பரப்பின் மதிப்பை உலகத்துக்குப் புகைப்படமாகக் காட்டியவர் ரோலி ஃப்ரீ. 1948 செப்டம்பர் 13 அன்று, இதே பான்வில்லில், வின்சென்ட் எச்.ஆர்.டி. வண்டியில் அவர் சாதனைக்கு முயன்றார். 150 மைலைத் தாண்ட வேண்டும் என்பது இலக்கு. தோல் உடையைக் கழற்றிப் போட்டார். நீச்சல் கால்சட்டையோடு வண்டியின் மேல் நீட்டிப் படுத்தார். கால்களைப் பின்சக்கரத்துக்கு மேல் பின்னோக்கி நீட்டினார். பதிவான வேகம் 150.313 மைல், 242 கிலோமீட்டர். அன்று அவர் காட்டிய துணிச்சலை யாரும் பின்பற்றக் கூடாது. இன்றைய விதிகள் முழுத் தோல் உடை இல்லாதவரைத் தடத்தில் விடாது. ஆனால் அவர் செய்ததில் இருந்த இயற்பியல் சரியானது. நிமிர்ந்து உட்கார்ந்த மனித உடல்தான் மோட்டார்சைக்கிளில் காற்றைத் தடுக்கும் மிகப் பெரிய பகுதி.

எதிரே தெரியும் பரப்பையும், உருவத்தின் காற்றுத்தடையைச் சொல்லும் எண்ணையும் பெருக்கி வருவதைப் பொறியாளர்கள் ஒரே அளவாகக் கையாளுகிறார்கள். தெரு வண்டியில் ஓரளவு குனிந்து உட்கார்ந்தவருக்கு அது சுமார் அரை சதுர மீட்டர். முன்னால் ஃபேரிங் என்ற காற்றுமறைப்புக் கூட்டைப் பொருத்தி, ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் மிதியைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டுபவர் தாடையைப் பெட்ரோல் டேங்கில் பதித்துப் படுத்தால் அதைக் கால் சதுர மீட்டருக்குக் கொண்டுவரலாம். தேவைப்படும் திறன் அப்படியே பாதியாகிவிடும். 160 கேட்ட வண்டி 80 கேட்கும். இன்ஜினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கிடைக்கும் லாபம் இது.

கண்ணாடி, இண்டிகேட்டர், முகப்பு விளக்கு, நம்பர் பிளேட், பின் இருக்கைப் பிடி எல்லாம் கழற்றப்படுவதும் இதற்காகத்தான். எடை குறையும் என்பதற்காகக் கழற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உச்ச வேகத்துக்கும் எடைக்கும் பெரிய தொடர்பில்லை. சில கிலோமீட்டர் நீளமான ஓட்டப்பாதை கிடைத்தால், கனமான வண்டியும் மெதுவாகவாவது அதே உச்ச வேகத்தை எட்டிவிடும். தெருப் போட்டி வேறு, உப்பு வெளி வேறு என்பதற்கு இதுவே நல்ல சான்று.

ஃபேரிங்கின் முன்பகுதியைவிடப் பின்பகுதி முக்கியம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டி கிழித்துச் சென்ற காற்று, பின்னால் வந்து சேர இடமில்லாமல் சுழலும். அந்தச் சுழலில் அழுத்தம் குறைவு. அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் அதிவேக வண்டிகளின் வால் நீண்டு, படிப்படியாகச் சிறுத்து முடிகிறது. முன்பக்கம் கூர்மையாக இருந்தால் போதும் என்று வைசரை மட்டும் மாட்டிக்கொள்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

கடற்கரைக் காற்றும் மேட்டுநிலக் காற்றும்

கடலூர் கடல் மட்டத்தில் இருக்கிறது. பான்வில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில். அதே 30 டிகிரி வெப்பத்தில், கடலூர் சில்வர் பீச்சில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிலோ எடை இருக்கும்; பான்வில்லில் ஒரு கிலோதான். விலக்கவேண்டிய காற்று 14 சதவீதம் குறைவு.

இது லாபம்போலத் தெரியும். ஆனால் இன்ஜினும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. காற்றில் 14 சதவீதம் குறைந்தால் ஆக்ஸிஜனும் அதே அளவு குறையும். எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். கடலூரில் 47 குதிரைத்திறன் தரும் இன்ஜின் அங்கே 40தான் தரும். ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது இயற்கை. இந்தச் சமன்பாட்டை உடைக்கத்தான் சிலர் டர்போ பொருத்துகிறார்கள். உறிஞ்சும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டால் இன்ஜினுக்கு மட்டும் கடல் மட்டக் காற்று கிடைக்கும். உடலுக்கு மேட்டுநிலக் காற்று போதும். இன்றுவரை உலகின் அதிவேக மோட்டார்சைக்கிளாக இருக்கும் ‘டாப் 1 ஆக் அட்டாக்’ இந்த வழியில் போனது. இரண்டு சுஸுகி ஹயபூசா இன்ஜின்கள், டர்போ, முழுவதும் மூடிய நீண்ட கூடு. 2010 செப்டம்பர் 25 அன்று ராக்கி ராபின்சன் அதைப் பான்வில்லில் 605.697 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அந்த வேகத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் நாலரை நிமிடம்.

ஜிடி 650க்குத் திரும்புவோம். கால் சதுர மீட்டர் அளவுக்கு உடலைச் சுருக்கி, பான்வில்லின் மெல்லிய காற்றில் 252 கிலோமீட்டர் போக, பின்சக்கரத்தில் காற்றுக்கு மட்டும் சுமார் 60 குதிரைத்திறன் வேண்டும். டயரும் உப்பும் உறிஞ்சுவதையும், கியர்பாக்ஸிலும் செயினிலும் இழப்பதையும், உயரத்தால் குறைவதையும் கூட்டிக்கொண்டால், சமவெளியில் 80 முதல் 90 குதிரைத்திறன் தரக்கூடிய இன்ஜின் தேவை என்று கணக்கு சொல்கிறது. இது நாம் போடும் உத்தேசக் கணக்கு. ஆனால் 160ஐவிட இது எட்டக்கூடிய எண்.

இன்ஜினை எங்கே தொடுவது

சாதனை வண்டியின் இன்ஜின் வேலையில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள எஸ் அண்ட் எஸ் சைக்கிள் நிறுவனம் துணை நின்றது. 1958இல் தொடங்கி, வேக வண்டிகளுக்கான பாகங்களில் பேர்பெற்ற நிறுவனம் அது. ஜிடி 650இன் சட்டகம் இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் கைவண்ணத்தில் உருவானது. பந்தய வண்டிகளுக்குச் சட்டகம் செய்து பழகிய அந்த நிறுவனத்தை 2015இல் ராயல் என்ஃபீல்டு வாங்கியது.

இன்ஜினில் திறன் கூட்டுவதற்கு அடிப்படை ஒன்றுதான்: ஒரு நிமிடத்தில் அதிகக் காற்றை உள்ளே இழுத்து, அதிகப் பெட்ரோலை முழுமையாக எரித்து, அந்த வெப்பத்தில் அதிகப் பங்கை உழைப்பாக மாற்ற வேண்டும். அதற்கு நான்கு வழிகள்.

முதலாவது கொள்ளளவு. ஜிடி 650இன் சிலிண்டர் துளை 78 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 67.8 மில்லிமீட்டர். நம் பட்டறைகளில் தேய்ந்த சிலிண்டரைப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டுவார்களே, அதே வேலையைத் தாராளமாகச் செய்வதுதான் இது. துளையை 84 மில்லிமீட்டர் ஆக்கினால் கொள்ளளவு 16 சதவீதம் கூடி 751 சி.சி. ஆகும். ஆனால் போட்டிப் பிரிவின் வரம்பு 750 சி.சி. என்றால், கூடுதலாக வந்த அந்த ஒரு சி.சி. வண்டியை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடும். லேத்தில் ஒரு நூலிழை அளவு கூடப் பிசகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இரண்டாவது அழுத்த விகிதம். தெரு வண்டியில் 9.5க்கு 1. பிஸ்டனின் தலையை மேடாக்கியோ ஹெட்டைச் சீவியோ அதை 12க்கு 1 ஆக்கினால், ஏட்டுக்கணக்கில் செயல்திறன் ஆறு சதவீதம் உயரும். எல்லை மீறினால், பொறி மூட்டிய தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். அதனால் உயர் ஆக்டேன் எரிபொருள் தேவை. ஆறு சதவீதத்துக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். சாதனைகள் இப்படிப்பட்ட ஆறுகளின் கூட்டுத்தொகைதான்.

மூன்றாவது கேம்ஷாஃப்ட்டும் வால்வும். வால்வைக் கூடுதல் நேரம், கூடுதல் உயரத்தில் திறந்து வைத்தால் அதிவேகச் சுழற்சியில் சிலிண்டர் நன்றாக நிரம்பும். குறைந்த சுழற்சியில் அதே ஏற்பாடு இன்ஜினைத் திணறடிக்கும். சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளில், மாலைக் கூட்டத்தில், இரண்டாவது கியரில் நகரும் வண்டிக்கு 2,000 சுற்றில் இழுவை வேண்டும். உப்பு வெளி வண்டிக்கு அது வேண்டாம். உச்சச் சுழற்சியில் சில நிமிடங்கள் ஓடினால் போதும். தெரு வண்டி நூறு தேவைகளுக்கிடையே சமரசம் செய்து பிறந்தது. வேக வண்டி அந்தச் சமரசங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பெறுவதுதான் கூடுதல் திறன்.

நான்காவது சுழற்சி வேகம். தெரு வண்டி உச்சத் திறனைத் தருவது 7,250 சுற்றில். அதை 9,000 ஆக்கினால் ஒவ்வொரு நிமிடமும் கூடுதல் வெடிப்புகள் கிடைக்கும். ஆனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை சுழற்சியின் இருமடியில் உயர்கிறது. 24 சதவீதம் கூடுதல் சுழற்சிக்கு 54 சதவீதம் கூடுதல் விசை. அதனால்தான் இலகுவான பிஸ்டனும் உறுதியான ராடும் முதலில் வருகின்றன. சுழற்சியைக் கூட்டுவது பிறகு.

இதற்கெல்லாம் மேலே வெப்பம். 250 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து கிலோமீட்டரைக் கடக்க 72 நொடி ஆகும். முழு ஆக்ஸிலரேட்டரில் 72 நொடி தொடர்ந்து ஓடுவது தெரு இன்ஜினின் வாழ்நாளில் நடக்காத காரியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். கலவையில் பெட்ரோல் சற்றுக் குறைந்தாலே பிஸ்டன் தலை அந்த எல்லையை நெருங்கிவிடும். எனவே பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகவே விட்டு உள்ளிருந்து குளிர்விக்கிறார்கள்.

கடைசியாக ஸ்ப்ராக்கெட். வண்டியின் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஓடுகிறது. 252 கிலோமீட்டர் போக, அது நிமிடத்துக்கு 2,100 முறை சுற்ற வேண்டும். இன்ஜின் 8,000 சுற்றில் உச்சத் திறன் தந்தால், இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான மொத்த விகிதம் 3.8 இருக்க வேண்டும். அதிகமானால் இன்ஜின் வரம்பை முட்டி நிற்கும். குறைந்தால் காற்றை எதிர்க்க இழுவை போதாமல் திணறும். சில நூறு ரூபாய் பெறும் ஒரு பல்சக்கரம், லட்சக்கணக்கில் செலவழித்த இன்ஜினின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

நேராகப் போவதுதான் கடினம்

திறன் கிடைத்துவிட்டது, காற்றும் வழிவிட்டது. இனி வண்டி தரையைப் பற்ற வேண்டும். 252 கிலோமீட்டரில் காற்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 60 கிலோ எடைக்குச் சமம். அதே அளவு விசையால் பின்டயர் உப்பைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். வண்டியும் ஆளும் சேர்ந்து 270 கிலோ. பின்சக்கரத்தில் விழுவது அதில் பாதி. உப்பின் பிடிமானம் காய்ந்த தார்ச்சாலையில் பாதி என்று வைத்துக்கொண்டால், டயர் தாங்கக்கூடியது 67 கிலோ அளவுதான். கணக்கு நூலிழையில் தொங்குகிறது. சற்று ஈரமான உப்பில் சக்கரம் வழுக்கிச் சுழலும். வேக வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே ஈயக் கட்டிகளை ஏற்றி எடையைக் கூட்டுவது இதனால்தான்.

அடுத்தது டயர். 252 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் வெளி விளிம்பு, புவியீர்ப்பைப்போல 1,500 மடங்குக்கு மேல் வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. பத்து கிராம் ரப்பர் துண்டு 15 கிலோபோல இழுக்கும். சாதாரண டயர் இதைத் தாங்காது. ரப்பர் உரிந்து பறக்கும். டியூப் வால்வின் மூடி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, உலோகமாகவே இருக்க வேண்டும் என்று பரிசோதகர்கள் கேட்பது வீண் கண்டிப்பல்ல. அந்தச் சின்ன மூடி கழன்றால் காற்று இறங்கும். 250இல் காற்று இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது நிலைத்தன்மை. வில்லிலிருந்து புறப்படும் அம்பைப் பாருங்கள். முனையில் கனம், வாலில் இறகு. எடையின் மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருப்பதால், அம்பு சற்றுத் திரும்பினாலும் காற்றே அதை நேராக்கிவிடும். மோட்டார்சைக்கிளுக்கும் இதே விதி. முன்னால் பெரிய ஃபேரிங் மாட்டினால் காற்று அழுத்தும் மையம் முன்னுக்கு வந்துவிடும். பக்கக் காற்றுப் பட்டதும் வண்டி தானே திரும்பப் பார்க்கும். அதனால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டி இரு சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டுகிறார்கள், வாலை நீட்டுகிறார்கள், முன்பக்க எடையைக் கூட்டுகிறார்கள், ஹேண்டில் உதறாமல் இருக்க ஸ்டீரிங் டாம்பர் வைக்கிறார்கள். பிடிமானத்துக்குப் பின்னால் எடை வேண்டும், நிலைத்தன்மைக்கு முன்னால் எடை வேண்டும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதில் பல நாள் போய்விடும்.

தகரக் கொட்டகையில் பிறந்த சாதனை

இந்தக் கலையைச் சொல்லித்தர யாருமில்லாத ஊரில் கற்றவர் பர்ட் மன்றோ. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் உள்ள இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1920இல் வெளிவந்த இந்தியன் ஸ்கவுட் வண்டி ஒன்றை வாங்கினார். 600 சி.சி.; உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டருக்குள். அந்த ஒரே வண்டியை வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருந்தார். பிஸ்டனைத் தன் கொட்டகையிலேயே வார்த்தார். சிலிண்டரையும் ஃப்ளைவீலையும் தானே செய்தார். கொள்ளளவு 950 சி.சி. ஆனது. மீன்போன்ற கூட்டையும் வண்டிக்குப் போர்த்தினார்.

1967இல், 68 வயதில், பான்வில்லில் அவர் 1,000 சி.சி.க்குக் குறைந்த பிரிவில் சாதனை படைத்தார். அப்போது பதிவானது 183 மைல் சொச்சம். கூட்டிக் கழித்ததில் நேர்ந்த பிழை பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு, 2014இல் அது 184.087 மைலாகத் திருத்தப்பட்டது. 296 கிலோமீட்டர். வண்டி பிறந்தபோது ஓடியதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஓர் ஓட்டத்தில் வண்டி ஆட்டம் கண்டபோது, வேகத்தைக் குறைக்க அவர் கூட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. மனித உடல் எவ்வளவு பெரிய பிரேக் என்பதற்கு அவர் தந்த நிரூபணம் அது.

மன்றோவின் வெற்றிக்குப் பணமோ பெரிய ஆலையோ காரணமில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உடைந்த பாகத்தைக் கையில் எடுத்து, ஏன் உடைந்தது என்று பார்த்து, அடுத்ததை வேறு விதமாகச் செய்தார். உடைந்த பாகங்களைத் தூக்கி எறியாமல் அலமாரியில் அடுக்கி வைத்தார். ஒன்றை மாற்று, அளந்து பார், பிறகு அடுத்ததை மாற்று: இதுதான் அறிவியலின் முறை. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் டிராக்டர் கிராங்கையும் படகு இன்ஜினையும் சீர்செய்யும் லேத் பட்டறைக்காரர்களிடம் இந்தக் கைத்திறன் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு அளவீடும் கணக்கும் சேர்ந்தால் போதும்.

நம் ஊரில் எங்கே ஓட்டுவது?

மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் உப்பளம் இருக்கிறதே என்று கேட்கலாம். அவை வரப்பு கட்டிய பாத்திகள். அடியில் களிமண் சேறு. பான்வில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நீர் சூழ்ந்து, கோடையில் காய்ந்து, தானாகவே சமமாகும் வெளி. அங்கேயே மழையாலும் உப்பு மெலிந்துபோனதாலும் 2014, 2015 ஆண்டுகளின் பெரிய வேகப் போட்டி ரத்தானது. 2022இலும் வெள்ளத்தால் ரத்தானது. இயற்கை தரும் ஓடுபாதை உலகில் மிக அரிது.

அப்படியானால் புறவழிச்சாலையா? இதற்கு விடை திட்டவட்டமாக ஒன்றுதான்: கூடாது. நம் மாவட்டச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் காயும். ஆடு மாடு குறுக்கே வரும். பள்ளிவிட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். மணிக்கு 140 கிலோமீட்டரில் போகிறவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறக்குறைய 60 மீட்டர் கடந்திருப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதிப்படுத்தியது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது 189ஆவது பிரிவின்கீழ் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

சைலன்சரைக் கழற்றிச் சத்தக் குழாய் மாட்டுவதும், அகலமான பின்டயர் போடுவதும் வேகத்தைக் கூட்டும் என்று நம்பும் இளைஞர்கள் இந்தக் கட்டுரையின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் குதிரைத்திறன் ஆகாது. இன்ஜினின் காற்று, பெட்ரோல் அளவுகளைச் சீர்செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் இழப்புதான் மிஞ்சும். அகலமான டயர் காற்றுக்கு இன்னொரு தடை.

முறையான வழி இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து இயங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அங்கே மோட்டார்சைக்கிள்களுக்கான நேர்க்கோட்டு ‘டிராக்’ (drag) பந்தயங்களும் நடக்கின்றன. நேர்க்கோட்டில் வேகம் பார்க்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் சட்டபூர்வமான இடம் அது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 2021இல் திறக்கப்பட்ட நேட்ராக்ஸ் சோதனைத் தடம் 11.3 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. வாகன நிறுவனங்கள் அதிவேகச் சோதனைகளை நடத்த நம் நாட்டிலேயே இன்று இடம் இருக்கிறது.

சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டமெங்கும் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.க்களும் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஒரு பழைய பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் எதிர்ப்பரப்பை அளந்து பாருங்கள். தெர்மகோலிலும் ஃபைபரிலும் ஒரு வால் செய்து பாருங்கள். திறனை அளக்கும் டைனோ கருவியில் இன்ஜினை ஓட்டித் திறனை எழுதிவையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து குறித்துவையுங்கள். பேராசிரியரையும் பட்டறை மேஸ்திரியையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். உலகம் வியக்கும் வண்டியின் இன்ஜின் தமிழ்நாட்டில் உருவாகிறது என்றால், அதன் வேகத்தைக் கணக்கிடும் மூளையும் மாற்றியமைக்கும் கையும் நம் மாவட்டத்திலிருந்து வர முடியும்.